தாயின் முகமும் ஐந்து புள்ளிகளும்

புள்ளியிடுதல் ஆசிரியராகிய எமக்குப் பழகிப்போன தொழில். நோயுற்ற குழந்தை ஒன்று உயிர் பிழைக்குமா என்பதனையும் புள்ளிகளால் கணிக்க முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஆபிரிக்க ஏழைக் குழந்தைகளின் கட்டிலருகே உருவாகிய வரலாறு.

நினைவிழந்த நோயாளியின் நிலையை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றினை 1974 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் வகுத்தனர். கண் திறக்கிறதா, பேச்சுத் தெளிவாக உள்ளதா, உடல் அசைகிறதா என்பனவே அதன் வினாக்கள். ஆயின், பேச்சே கைவராத பாலகனிடம் 'நீ எங்கே இருக்கிறாய்?' என வினவுவது எங்ஙனம்? இச்சிக்கலுக்கு விடை கண்டவர்கள் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரிலே பணிபுரிந்த மருத்துவர்கள். அந்நகரின் பெயர்கூட இரவல் பெயரே. ஸ்கொத்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகேயுள்ள பிளான்டயரில் பிறந்து, பத்து வயதிலேயே பருத்தி ஆலைக்கு வேலைக்குச் சென்றவர் டேவிட் லிவிங்ஸ்டன். அவரது ஊர்ப்பெயர் மிஷனரிமாரோடு கடல்கடந்து வந்து மலாவியில் நிலைத்துவிட்டது.

மூளையைத் தாக்கும் மலேரியாவினால் மயங்கிக் கிடந்த 131 குழந்தைகளை ஆராய்ந்து, மல்கம் மொலினோ, டெரி டெயிலர் முதலியோர் 1989 இல் புதியதோர் அளவுகோலை வெளியிட்டனர். முழுப்புள்ளி ஐந்து. வலி உண்டாகும் இடத்தைக் கை நாடிச் சென்றால் இரண்டு. அழுகை அழுகையாகவே ஒலித்தால் இரண்டு. கண்கள் தாயின் முகத்தைப் பின்தொடர்ந்தால் ஒன்று. மின்சாரம் வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம். தாயின் முகமே அங்கு கருவி.

கென்யாவின் கரையோரத்துக் கிலிபியில், மலேரியாவுடன் அனுமதிக்கப்பட்ட 1,844 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று 1995 இல் வெளியாயிற்று. இறந்த குழந்தைகள் 64. அவர்களுள் 54 பேரிடம் நினைவு மங்கல், மூச்சுத்திணறல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் காணப்பட்டது. தாதி ஒருவர் கண்ணாலேயே கண்டறியக்கூடிய குறிகள் இவை. ஆனால் காண்பதற்குக் குழந்தை அவர் முன்னே வரவேண்டுமே! வந்த ஒழுங்கில் நிற்கும் வரிசையிலே, அருகில் வசிப்பவள் முன்னே நிற்பாள். தொலைவிலிருந்து நடந்து வந்தவள் பின்னே நிற்பாள். அவளது மடியிற் கிடப்பதோ பெரும்பாலும் நோய் முற்றிய குழந்தை.

பிளான்டயரின் குயின் எலிசபெத் மத்திய வைத்தியசாலையில் எலிசபெத் மொலினோவும் அவரது சகாக்களும் இந்த வரிசையைத்தான் கலைத்தனர். மிகவும் வாடிய குழந்தைகளை வாயிலிலேயே இனங்கண்டு உடனே சிகிச்சையளிக்கும் முறையை ஏற்படுத்தினர். முன்னர் 10 முதல் 18 சதவீதமாக இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு, பின்னர் 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்ததென 2006 இல் அறிக்கையிட்டனர். புள்ளி குறைந்த மாணவனைப் பின்வாங்கில் இருத்திவிடும் வழக்கம் எமது பாடசாலைகளில் உண்டு. அங்கோ புள்ளி குறைந்த குழந்தையே முதலில் அழைக்கப்பட்டது.

எனினும் ஆபத்தை இனங்காணல் வேறு, அதனைத் தீர்த்தல் வேறு. காய்ச்சலோடு குருதியோட்டமும் குன்றிய குழந்தைகளுக்கு நாளத்தின் வழியே திரவத்தை விரைந்து செலுத்துவது செல்வநாடுகளிலிருந்து வந்த விதி. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் அவ்விதி சோதிக்கப்பட்டு, 2011 இல் முடிவு வெளியாயிற்று. அவ்வாறு திரவம் பெற்றோரில் ஏறத்தாழ 10.5 சதவீதத்தினர் 48 மணி நேரத்துள் இறந்தனர். பெறாதோரில் இறந்தவர்கள் 7.3 சதவீதத்தினர். அக்குழந்தைகளைக் கொண்டு சோதித்துப் பாராமலே அவர்களுக்கென விதிக்கப்பட்டிருந்த சிகிச்சை அது!

வைத்தியசாலை வாயிலோடு கணிப்பு முடிந்துவிடுவதுமில்லை. உகண்டாவில் தொற்றுநோயுடன் அனுமதிக்கப்பட்ட 1,307 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. வைத்தியசாலையில் இறந்தவர்கள் 65 பேர். தேறிவிட்டதென வீட்டுக்கு அனுப்பப்பட்டு ஆறு மாதத்துள் இறந்தவர்கள் 61 பேர். இவ்விரண்டாம் சாவினை முன்கூட்டி உணர்த்திய குறிகளுள் ஒன்று மேற்கையின் சுற்றளவு. அதனை அளக்க ஒரு நாடாத் துண்டு போதும். அது அளப்பது பசியை.