சிலிண்டரிலிருந்து மூச்சு வரை

சாம்பல் நிறச் சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். பித்தப்பையையோ குடல்வாலையோ சிறு துளை வழியே அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவையில், இந்தக் கரியமில வாயுதான் முதலில் வயிற்றுக்குள் போகிறது. வயிற்றுச் சுவரை உயர்த்திப் பிடித்து, கேமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் உண்டாக்குவது அதன் வேலை.

இந்த இடத்துக்கு அது எளிதில் வந்துவிடவில்லை. 1901இல் ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் வடிகட்டிய காற்றைச் செலுத்தி உள்ளே பார்த்தார். உள் ரத்தக்கசிவைக் காற்றழுத்தத்தால் நிறுத்த முடியுமா என்பதே அவருடைய தேடல். 1910இல் ஸ்டாக்ஹோமின் ஜேக்கபேயஸ் மனிதரிடம் இதே முறையைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். ஆனால், காற்று ரத்தத்தில் சரியாகக் கரையாது. குமிழாக ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆக்சிஜனோ தீயை வளர்க்கும். 1933இல் ஃபெர்வர்ஸ் என்ற மருத்துவர் ஆக்சிஜன் நிரப்பிய வயிற்றில் மின்சூடு வைத்தபோது உள்ளே வெடித்தது. ஸ்விட்சர்லாந்தின் ஸோலிகோஃபர் 1924லேயே கரியமில வாயுவைப் பரிந்துரைத்திருந்தார். அது எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிடச் சுமார் இருபது மடங்கு கரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை வெளியேற்றும் வழி நம் உடலுக்குப் பிறந்த நாள் முதலே தெரியும்.

இன்று பல அறுவை அரங்குகளில் தொப்புளருகே வெரஸ் ஊசி வழியாக வாயு நுழைகிறது. ஹங்கேரியின் யானோஷ் வெரஸ், காசநோயாளிகளின் மார்புக்குள் காற்றேற்ற உருவாக்கிய ஊசி அது. கூர்முனை சுவரைத் தாண்டியதும், ஸ்பிரிங்கில் இயங்கும் மழுங்கிய உள்முனை முன்னே வந்து குடலைக் காக்கும். 1960களில் ஜெர்மனியின் குர்ட் செம், அழுத்தத்தைத் தானே அளந்து வாயு செலுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். என் பார்வையில், கேமராவுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தக் கருவிக்குச் சேர வேண்டும்.

பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். அந்த அளவுக்கே உடல் முழுதும் தாக்கம் தெரிகிறது. வயிற்றின் உள்ளுறை சட்டென்று விரியும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையலாம். அரிதாக நின்றும் போகலாம். அப்போது முதல் சிகிச்சை வாயுவை வெளியே விடுவதுதான். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. பெரிய சிரைகள் அழுந்துவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. தமனிகள் இறுகுகின்றன. சிறுநீரும் குறைகிறது. ஆரோக்கியமான இதயம் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். தளர்ந்த இதயத்துக்கு அழுத்தத்தைக் குறைத்து, மெல்ல ஏற்ற வேண்டும்.

இதற்கிடையே வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ரத்தம் அமிலமாகாமல் இருக்க, மயக்க மருத்துவர் வென்டிலேட்டரின் மூச்சளவைக் கூட்டுகிறார். அவர் கண் கேப்னோகிராஃபை விட்டு அகலாது. வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவை அலை அலையாகக் காட்டும் கருவி அது. அளவு படிப்படியாக ஏறுவது எதிர்பார்த்ததே. மேலும் மேலும் ஏறினால் வாயு தோலுக்கடியில் பரவியிருக்கலாம், தொட்டால் நறநறக்கும். அளவும் ரத்த அழுத்தமும் ஒருசேரத் திடீரெனச் சரிந்தால், வாயு நேராக ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கலாம். அரிதுதான், ஆனாலும் அந்தக் கணத்தில் வாயுவை நிறுத்தி, வயிற்றைத் தளர்த்தி, முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அறுவை முடிந்த நோயாளி பெரும்பாலும் அறுவை மருத்துவரின் பெயரைத்தான் கேட்கிறார். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பெயரையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

முடிவில் வயிற்றை அழுத்தி வாயுவை வெளியேற்றுகிறார்கள். மிஞ்சியது உதரவிதானத்தின் கீழ் தங்கி எரிச்சலூட்டும். அதன் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் அருகருகே தொடங்குவதால், வலி தோளில் தெரியும். மாரடைப்போ என்று பயப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் மிச்ச வாயு ரத்தத்தில் கரைந்து மூச்சோடு போய்விடும். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் மட்டும் காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை அறுவைக்கு முந்தைய நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்; ஐந்து நிமிடம் போதும்.