நீராவி அறையில் ஒரு கம்பளித் தொப்பி

மாஸ்கோவின் சந்துனி குளியல் மாளிகையில் நீராவி அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் போவார்கள். தலையில் மட்டும் தடித்த கம்பளித் தொப்பி இருக்கும். வெளியே பனி கொட்டும்போது போட வேண்டியதைக் கொதிக்கிற அறைக்குள் எதற்குப் போடுகிறார்கள் என்று புதிதாக வருபவர் திகைப்பார். நம் ஊரில் வேது பிடிக்கும்போது போர்வையால் தலையை மூடிக்கொள்வது ஆவி வெளியே போகாமலிருக்க. ரஷ்யர்கள் தலையை மூடுவது ஆவி உள்ளே வராமலிருக்க.

பான்யா எனப்படும் ரஷ்யக் குளியலுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அதன் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்தத் தொப்பி, இன்று கடைகளில் தொங்கும் வடிவில், மிகவும் பிந்தியது.

பான்யாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட வரலாற்று ஏட்டில் இருக்கிறது. இயேசுவின் சீடர் அந்திரேயா வடக்கே நோவ்கொரோத் பக்கம் போய், கண்டதை ரோமில் வந்து சொன்னதாக ஒரு கதை அதில் வருகிறது. மரக்கட்டைகளால் கட்டிய குளியலறையைச் செக்கச்சிவக்கச் சூடேற்றுகிறார்கள், உடைகளைக் களைகிறார்கள், தோல் பதனிடும் புளித்த நீரை மேலே ஊற்றிக்கொள்கிறார்கள், இளம் மிலாறுகளால் தங்களைத் தாங்களே குற்றுயிராகும்வரை அடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டு உயிர் பெறுகிறார்கள். யாரும் வதைக்காமல் தாங்களாகவே வதைபடுகிறார்களே என்று வியக்கிறாராம் அந்திரேயா. மிலாறுவரை சொல்லும் அந்த ஏட்டில், தலையில் எதையாவது கட்டியதாகவோ கவிழ்த்ததாகவோ பேச்சே இல்லை.

வெளிநாட்டார் அடுத்தடுத்து வந்து எழுதினார்கள். 1630-களில் ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவோடு வந்த ஆதம் ஒலியாரியஸ், ரஷ்யர்கள் தாங்கும் வெப்பத்தையும், உடம்பு சிவக்க வெளியே ஓடிக் குளிர்நீரில் நனைவதையும், பனியில் புரள்வதையும் பதிவுசெய்தார். 1761-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்குப் போனார் பிரெஞ்சுப் பாதிரியார் ஷாப் தோத்ரோஷ்.   ஷாப் 1768-இல் வெளியிட்ட பயண நூலில் ரஷ்யக் குளியலைப் பற்றி எழுதியதோடு லெ பிரேன்ஸ் வரைந்த படத்தையும் சேர்த்தார். அந்த நூல் ரஷ்யாவைச் சித்திரித்த விதம் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குப் பிடிக்கவில்லை. 1770-இல் மறுப்பு நூலே வந்தது. ரஷ்ய அரண்மனையில் பணியாற்றிய போர்த்துக்கீசிய மருத்துவர் ரிபெய்ரோ சாஞ்சஸ் இதற்கு நேர்மாறு: 1779-இல் வந்த அவருடைய நூல் பான்யாவை மருந்தாகவே போற்றியது.

கிராமத்துப் பான்யா தாழ்ந்த கூரையுள்ள சிறு மரக்கொட்டகை. பழைய வகையில் புகைபோக்கி கிடையாது. கற்களைச் சூடேற்றும் புகை அறையிலேயே சுற்றிக் கதவு வழியாக வெளியேறும், சுவரெல்லாம் கரி படியும். புகை போன பிறகு உள்ளே போய்ப் பலகைமேல் படுத்துக்கொள்வார்கள். படுத்திருப்பவருக்குத் தலையும் காலும் ஒரே மட்டம். நகரத்துப் பொதுக்குளியலில் அப்படியில்லை. நடிகர் சீலா சந்துனோவ் 1808-இல் திறந்த சந்துனி, 1896-இல் மாளிகையாக எழும்பியது. இத்தகைய கூடங்களில் படிப்படியாக உயரும் மேடைமேல் பலர் நெருக்கி உட்காருவார்கள். சூடான காற்று மேலே ஏறுமென்பதால் காலுக்கும் தலைக்கும் இடையிலேயே பல பத்து டிகிரி வேறுபாடு வந்துவிடும். உட்கார்ந்திருப்பவரின் தலைதான் அறையிலேயே சூடான அடுக்கில் இருக்கிறது.

சுடுகல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மீதி புரியும். எழும் ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த தோலில் பட்டு மீண்டும் நீராகிறது. அப்படி மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடுகிறது. மெல்லியதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது மடல்தான் முதலில் எரியும். தொப்பி காக்க வேண்டியது முக்கியமாகக் காதையும் உச்சந்தலையையும் முடியையும்தான்.

தொடக்கத்தில் இதற்கென்று தனித் தொப்பி எதுவும் இல்லை. சோவியத் காலக் குளியலறைகளில் வீட்டில் பழசாகிப்போன ஃபெல்ட், அதாவது இறுக்கிய கம்பளித் தொப்பியின் விளிம்பைக் கத்தரித்துக் கவிழ்த்துக்கொண்டவர்கள் உண்டு. பின்னல் குல்லாய் போட்டவர்களும் உண்டு. மிகயீல் சோஷெங்கோ 1920-களில் எழுதிய ‘பான்யா’ என்ற நகைச்சுவைக் கதையில், உள்ளே போகிறவருக்கு இரண்டு அடையாளச் சீட்டுகள் தருகிறார்கள். ஒன்று உள்ளாடைக்கு, மற்றது மேலங்கிக்கும் தொப்பிக்கும். அம்மணமாக நிற்பவர் சீட்டை எங்கே வைப்பார்? காலில் கட்டிக்கொள்கிறார். அந்தக் கதையின் தொப்பி குளிருக்கானது, வாசலிலேயே தங்கிவிடுகிறது.

வெப்பத்துக்குக் கம்பளி என்பது அந்த நிலப்பரப்புக்குப் புதிதல்ல. கிர்கிஸ் ஆண்கள் கோடை வெயிலிலும் அணியும் வெள்ளை ஃபெல்ட் தொப்பியான அக்-கல்பாக்கின் கைவினையை 2019-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோவியத் உருக்காலைகளில் உலைக்கு முன்னால் நின்றவர்கள் போட்டதும் அகல விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பிதான். நீலக் கண்ணாடியை அதன் விளிம்பில் மாட்டியிருப்பார்கள். ஃபெல்ட் நெய்த துணியல்ல. ஆட்டுமயிரைச் சிக்கெடுத்துப் பரப்பி, சூடான சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தி உருட்டினால் இழைகளிலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்வாங்க முடியாமல் இறுகிவிடும். இடையில் சிக்கிய காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. குளிரிலிருந்து காப்பதும் அதுவே.

கடைக்கு வந்தபோது தொப்பி வேடிக்கைப் பொருளாகவும் ஆனது. மணி வடிவம் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. அடுத்துக் கண்ணில் படுவது புத்யோனவ்கா: 1919-இல் செஞ்சேனை ஏற்று 1940-இல் கைவிட்ட, கூர்முனையும் காதுமடிப்பும் சிவப்பு நட்சத்திரமும் கொண்ட போர்த்தொப்பியின் நகல். காதை மூடும் அமைப்பு அதற்கு இயல்பிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம், ‘ஜார்’ என்று பூவேலை செய்த கிரீடம் எல்லாம் கிடைக்கும். அதே ஃபெல்ட்டில் கையுறையும் உட்காரும் விரிப்பும் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்பார்கள். பிர்ச் இலைக்கட்டான வேனிக்கால் அடுத்தவரை அடிப்பவரின் கை சூடான காற்றைக் கிழித்துக்கொண்டே போகிறது, அதற்குத்தான் கையுறை.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை கொஞ்சமே. முழுக் கம்பளியாக இருக்க வேண்டும். செயற்கை இழை கலந்தது வெப்பத்தில் நாறும். சாயம் ஏற்றாத வெள்ளையும் சாம்பலும் நல்லவை, வியர்வையில் சாயம் நெற்றியில் இறங்காது. காதை முழுதாக மூடும் அளவும், தலைக்கும் தொப்பிக்கும் நடுவே சிறிது காற்றிடமும் வேண்டும். அச்சின்மேல் ஒரே துண்டாக இறுக்கியெடுத்தது, வெட்டித் தைத்ததைவிட விலை கூடியது. ஆனால் தையல் உறுத்தாது. குளிர்நீரில் நனைத்துப் போடலாமா என்பது குளியலறைகளில் தீராத வழக்கு. நனைந்த கம்பளி முதலில் இதமாக இருக்கும், பிறகு உலர்ந்ததைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

துவைப்பதில்தான் பலர் தொப்பியை இழக்கிறார்கள். சலவை இயந்திரத்தின் சூடும் சுழற்சியும் ஃபெல்ட்டை மேலும் இறுக்கிக் குழந்தைத் தொப்பியாக்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, ஊறுகாய் போடும் மூன்று லிட்டர்க் கண்ணாடி ஜாடியின்மேல் கவிழ்த்துக் காயவைப்பது ரஷ்ய வீடுகளின் வழக்கம்.

காது எரியாததாலேயே அதிக நேரம் உட்கார்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தொப்பி தலையின் தோலைக் காக்கும். உடம்பின் உள்வெப்பம் ஏறுவதை நிறுத்தாது. பான்யாவைப் போன்ற பின்லாந்துக் குளியலான சவுனாவுக்கு அந்நாட்டின் ஹெய்னோலாவில் 1999 முதல் நடந்த உலகப் போட்டி, 2010 இறுதிச்சுற்றில் 110 டிகிரி அறையில் ஒரு ரஷ்யப் போட்டியாளர் இறந்ததோடு முடிவுக்கு வந்தது. கிறுகிறுப்பு வந்தால் எந்தத் தொப்பியும் உதவாது, எழுந்து வெளியேற வேண்டியதுதான்.

ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சவுனா வைத்திருக்கும் பின்லாந்தில் பெரும்பாலோர் வெறுந்தலையோடுதான் உட்காருகிறார்கள். 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அவர்களுடைய மரபில் தொப்பி விருப்பப் பொருள்தான். அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது ஜப்பான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது பின்லாந்து அணி கொண்டுவந்த சவுனா அங்கே அந்தக் குளியலைப் பிரபலமாக்கியது. தனகா கத்சுகி சவுனாவைப் பற்றி வரைந்த மங்கா சித்திரக்கதை 2019-இல் தொலைக்காட்சித் தொடரானதும் இளைஞர் கூட்டம் பெருகியது, கூடவே தொப்பிச் சந்தையும். இமபாரி நகரத்துத் துண்டு ஆலைகளின் பூந்துணியில் தைத்த தொப்பிகள் இன்று அங்கே ஃபெல்ட்டுக்குப் போட்டி. அவற்றைத் துண்டோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டுவிடலாம்.