கால் இல்லாததெல்லாம் பாம்பா?

போன வாரம் கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய செங்கற்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஆள், "சார், பாம்பு சார்!" என்று கத்தியபடி மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "அடிக்காதப்பா, அது பாம்புராணி" என்று ஓடிப்போய்த் தடுத்தேன். அதன் நாலு குட்டைக் கால்களும் புல்லில் மறைந்திருந்தன. "அரணை கடித்தால் மரணம்னு சொல்வாங்களே சார்" என்றார். அதுவும் பொய்தான், அரணைக்கு விஷமே கிடையாது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலைப் பார்த்து ஏமாந்தவர்களில் பெரிய பண்டிதர்களும் உண்டு. நாங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் 'ஒர்வே' என்று படித்த பிராணி, ஐரோப்பாவில் வாழும் காலில்லாத பல்லி. கண்ணை இமைக்கும், ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். அதைக்கூட லின்னேயஸ் 1758-இல் பாம்புகளோடுதான் சேர்த்தார்.

நம் நாட்டின் நிக்கோபார் தீவுகளில் இதைவிட விசித்திரமான ஒன்று மண்ணுக்குள் வாழ்கிறது. பெயர் டிபாமுஸ். பார்வைக்கு மண்புழு மாதிரி இருக்கும். காதுத் துளை கிடையாது. கண் செதிலுக்கு அடியில் புதைந்திருக்கும். பெண்ணுக்குக் காலே இல்லை. ஆணுக்கு மட்டும் பின்னால் துடுப்புப் போல இரண்டு சிறு மடல்கள். கிரேக்க மொழியில் 'இரண்டு காலுள்ளது' என்று பெயர் வைத்தது அதனால்தான்.

பெயரிட்டவர்கள் பாரிஸைச் சேர்ந்த துமெரில், பிப்ரோன் இருவரும். 1839-இல் நியூ கினியாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து, அரணை வகைகளில் கண் மறைந்தவை என்ற பிரிவில் வைத்தார்கள். நிக்கோபார் இனத்தின் கதையில் நம் கடற்கரைக்கும் சிறு பங்கு உண்டு. 1858-இல் ஆஸ்திரியாவின் 'நோவாரா' கப்பல் சென்னையில் தங்கிவிட்டுத்தான் நிக்கோபார் போனது. அந்தப் பயணத்தின் ஊர்வன பற்றிய நூலை 1867-இல் ஸ்டைன்டாக்னர் வெளியிட்டார். நிக்கோபார் இனம் அதில்தான் பதிவானது.

பெல்ஜியத்தில் பிறந்து லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பூலாஞ்ஜே, 1884-இல் இதை அரணைகளிடமிருந்து பிரித்து டிபாமிடே என்று தனிக் குடும்பமாக்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்கரான கோப், மெக்சிகோவில் கிடைத்த இன்னொரு காலில்லாப் பல்லியை விவரித்தார். அதுவும் பிற்பாடு இதே குடும்பத்தில் சேர்ந்தது. நடுவில் பசிபிக் மகாசமுத்திரமே கிடக்க, அண்ணன் ஆசியாவில், தம்பி மெக்சிகோவில்!

2004, 2005-இல் வந்த மரபணு ஆய்வுகள் இன்னொரு அதிர்ச்சியைக் கொடுத்தன. பல்லி, பாம்பு எல்லாம் சேர்ந்த வம்சத்தில் மிக ஆதியிலேயே பிரிந்துபோன கிளைகளில் ஒன்று இந்தக் குடும்பம். பாம்புக்கு நெருங்கிய உறவு ஓணானும் உடும்பும்தான். பாம்பு மாதிரியே தெரியும் டிபாமுஸ் அல்ல. மண்ணுக்குள் நுழைந்து வாழ்ந்தால் கால் தேவையில்லை. அதனால் சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியாகக் காலை இழந்திருக்கின்றன.

ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். மேலட்டையைப் பார்த்துத் தவறான பிரிவுக்கு அனுப்பிய கோப்பு, ஒரு மனிதரின் பென்ஷனை எத்தனை வருஷம் இழுத்தடிக்கும் என்று எனக்குத் தெரியும். டிபாமுஸின் கோப்பு சரியான இடத்துக்கு வர 165 வருஷம் ஆயிற்று. ஆனாலும் வந்து சேர்ந்தது. மண்வெட்டி இறங்கிவிட்டால் திருத்த ஒன்றும் மிஞ்சாது. எங்கள் பாம்புராணி வேலியோரம் போய்விட்டது. அந்த ஆளும் மறுநாளிலிருந்து செங்கல்லை மெதுவாகத்தான் புரட்டுகிறார்.