சாமிக்கண்ணு வின்சென்ட்

சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) கோயம்புத்தூரைச் சேர்ந்த திரையிடல் முன்னோடி. தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிய முதல் இந்தியர்களுள் ஒருவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்தவர், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படமெறிகருவியையும் இயேசுவின் வாழ்க்கை உள்ளிட்ட சில மௌனப் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டார். மின்சாரமும் திரையரங்கும் இல்லாத ஊர்களில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். நிலையான கட்டடம் தேவைப்படாத இந்த ‘டென்ட் கொட்டகை’ முறையே தமிழகச் சிற்றூர்களுக்குச் சினிமாவைக் கொண்டுசேர்த்தது; அவருடைய பணிகளுள் தலையாயது இதுவே. இந்தியாவின் பிற பகுதிகளிலும் பர்மா, மலேயா போன்ற நாடுகளிலும் அவர் படம் காட்டியுள்ளார்.

1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய திரையரங்குகளுள் ஒன்றான இது, பின்னர் டிலைட் எனப் பெயர் மாறியது. பேசும்படக் காலத்தில் கல்கத்தா பயனியர் நிறுவனத்துடன் சேர்ந்து, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ (1933) படத்தைத் தயாரித்தார். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவை உருவாக்கியவர்களிலும் ஒருவர். அவர் கட்டிய திரையரங்கு இருந்த தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது.