தேர்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகள்: ஐபி இடைநிலை ஆண்டுகள் திட்டம் உருவான வரலாறு

முன்னுரை

பதினோரு வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பது கல்வி வரலாற்றில் நெடுங்காலம் தனிக் கேள்வியாக எழவில்லை. தொடக்கக் கல்வியின் தொடர்ச்சியாக அல்லது பொதுத்தேர்வுக்கான தயாரிப்புக் காலமாக மட்டுமே அந்த வயது பார்க்கப்பட்டது. ஜெனீவாவில் தோன்றிய இன்டர்நேஷனல் பக்கலோரியட் அமைப்பும், அதாவது ஐபியும், இதற்கு விலக்கல்ல. பல்கலைக்கழக நுழைவுக்கான டிப்ளமோவை நடத்த 1968இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பு, இடைநிலை ஆண்டுகள் திட்டத்தை 1994இலும் தொடக்க ஆண்டுகள் திட்டத்தை 1997இலும்தான் வழங்கத் தொடங்கியது. கூரையை முதலில் போட்டுவிட்டு அடித்தளத்துக்கு இறங்கிவந்த கட்டுமானம் இது.

பள்ளிகளில் எம்ஒய்பி என்று வழங்கும் இடைநிலைத் திட்டம் உருவாகி மாறிவந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்ன பாடத்தை இன்ன புத்தகத்தில் நடத்து என்று விதிக்காமல் ஆசிரியரை நம்பியதே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. அந்த நம்பிக்கைக்கும் வெளியார் வழங்கும் சான்றிதழுக்கான கோரிக்கைக்கும் இடையிலான இழுபறியே அதன் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜெனீவாப் பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஜெனீவாவில் இயங்கத் தொடங்கின. அங்கு பணியாற்ற வந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி பிறந்தது. அதன் உருவாக்கத்தில் புதுக்கல்வி இயக்கத்தைச் சேர்ந்த அடோல்ஃப் ஃபெரியேர் பங்காற்றினார். 1929 முதல் 1949 வரை பள்ளிக்குத் தலைமையேற்ற மரீ-தெரேஸ் மொரேத், தம் அனுபவங்களைத் திரட்டி, அமைதிக்கான கல்வி உத்திகள் குறித்து 1948இல் யுனெஸ்கோவுக்காக ஓர் அறிக்கை எழுதினார். புவியியலைச் சொந்த நாட்டிலிருந்து தொடங்காமல் முழு உலகிலிருந்து தொடங்குவதும், வரலாற்றை உலக வரலாறாகக் கற்பிப்பதும் அவர் முன்வைத்த வழிகள். நாட்டுப்பற்று வேரூன்றும் வயதிலேயே உலகப் பார்வையும் வேரூன்ற வேண்டும் என்ற அக்கறை அவற்றின் அடியில் இருந்தது. வளரிளம் பருவத்துக்கான சர்வதேசக் கல்விச் சிந்தனைக்கு இது முக்கியமான முன்னோடி.

ஆனால் இச்சிந்தனை அப்போது பாடத்திட்டமாகத் திரளவில்லை. அலெக் பீட்டர்சன் முதல் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில் ஐபியின் கவனம் மேல்நிலை டிப்ளமோவில் நிலைத்திருந்தது. இந்தியாவில் அந்த டிப்ளமோவை முதலில் ஏற்றது தமிழ்நாட்டின் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, ஆண்டு 1976. அப்போது பதினாறு வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கென்று ஐபியிடம் எதுவும் இல்லை. உலகெங்கும் டிப்ளமோ நடத்திய பள்ளிகள், கீழ்வகுப்புகளுக்கு ஏதேனும் ஒரு நாட்டின் பாடத்திட்டத்தையே நம்பியிருந்தன.

மோஷி முதல் 1994 வரை

திருப்புமுனை ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், தான்சானியாவின் மோஷி நகரில், 1980இல் சர்வதேசப் பள்ளிகள் சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. இடைநிலை வகுப்பு மாணவரின் தேவைகள் என்ன என்பதே அதன் பொருள். அந்த வயதினருக்கெனத் தனிக் கல்வித்திட்டம் வேண்டும் என்ற பரிந்துரை அங்கிருந்து கிளம்பியது. 1980களில் சங்கத்தின் கல்வித்திட்டமாக அது வடிவம் பெற்றது. ராபர்ட் பெல்-ஐலும், ஐபியின் இரண்டாவது தலைமை இயக்குநராக இருந்த ஜெரார் ரெனோவும் இம்முயற்சியின் தூண்கள். பின்னர் பொறுப்பு ஐபியின் கைக்கு மாறி, 1994இல் அது இடைநிலை ஆண்டுகள் திட்டமாக அறிமுகமானது.

இத்திட்டம் சர்வதேசப் பள்ளிகளுக்குள் அடங்கிவிடவில்லை. கனடாவில் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் தொடக்க காலத்திலேயே இதைத் தழுவிக்கொண்டன. பாடநூலை விதிக்காத சட்டகமாக இருந்ததால் மாநில அரசின் பாடத்திட்டத்தை இதற்குள் வைத்தே நடத்த முடிந்தது. வசதி படைத்தோருக்கு மட்டுமே உரிய கல்வி என்ற பொதுவான எண்ணத்தை இந்த வரலாறு மறுக்கிறது.

எண்கோணமும் அளவுகோலும்

தொடக்ககாலத் திட்டம் எண்கோணப் படமாக வரையப்பட்டது. நடுவில் மாணவர், சுற்றிலும் தாய்மொழி அல்லது முதன்மை மொழி, இரண்டாம் மொழி, மானுடத் துறைகள், அறிவியல், கணிதம், கலை, உடற்கல்வி, தொழில்நுட்பம் என எட்டுப் பாடங்கள். இவற்றில் எதுவும் உபபாடம் அல்ல. கற்கும் முறை, சமூகசேவை, சுற்றுச்சூழல், உடல்நலமும் சமூகக் கல்வியும், மனிதப் படைப்பாற்றல் ஆகிய ஐந்து களங்கள் அவற்றை ஊடறுத்துச் சென்றன. முழுமைக் கல்வி, பண்பாடுகளிடையே புரிதல், தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் அடிப்படைக் கருத்துகள்.

மதிப்பீட்டில்தான் இதன் துணிவு தெளிவாகத் தெரிகிறது. இன்றைய முறையில் ஒரு பாடத்துக்கு நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 8 புள்ளிகள். அறிவியலில் பாட அறிவுக்கு 8 புள்ளிகள் மட்டுமே. ஆய்வைத் திட்டமிடுவது, தரவுகளை அலசுவது, அறிவியல் சமூகத்தில் ஏற்படுத்தும் விளைவுகளைச் சிந்திப்பது ஆகிய மூன்றுக்கும் அதே அளவு இடம் உண்டு. மொத்தம் 32இல் 28 அல்லது அதற்கு மேல் பெற்றால் உச்சத் தரமான 7 கிடைக்கும். மனப்பாடத்தில் மட்டும் முழுமை பெற்ற மாணவர் கால்வாசி தூரமே வந்திருப்பார். ஐந்தாம் ஆண்டில் மாணவர் தாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் தனிச் செயல்திட்டமும் இதே நோக்கில் அமைந்தது. செய்த பொருளோடு, அதை எப்படிச் செய்தார் என்பதும் மதிப்பீட்டில் கருதப்படுகிறது.

தொடக்கத்தில் வெளித்தேர்வு கிடையாது. ஆசிரியர்களே மதிப்பிட்டார்கள், பள்ளி விரும்பினால் மாதிரிகளை ஐபியின் மதிப்பீட்டாளர்கள் சரிபார்த்தார்கள்.

2014 சீரமைப்பு

பதினாறு வயதில் பொதுத்தேர்வு எழுதும் நாடுகளில், இந்தச் சான்று எங்கே செல்லும் என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. 2014இல் நடைமுறைக்கு வந்த சீரமைப்பு இதற்கு விடை தேடியது. ஐந்து களங்களின் இடத்தில் அடையாளம், நீதியும் வளர்ச்சியும், உலகமயமாதலும் நீடித்த தன்மையும் போன்ற ஆறு உலகளாவிய சூழல்கள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் பாடங்களை இணைக்கும் ஓர் அலகேனும் கட்டாயமானது. மொழி இலக்கியம், தனிமனிதரும் சமூகங்களும், அறிவியல், கணிதம், பாட இணைப்பு ஆகியவற்றுக்குக் கணினித் திரையில் எழுதும் தேர்வுகள் 2016 மே மாதம் முதல் முறைப்படி நடந்தன. இரண்டாம் மொழிக்கும் கலை போன்ற பாடங்களுக்கும் மின்தொகுப்பு முறை வந்தது. இத்தேர்வுகள் விருப்பத்துக்குரியவை, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டாயமாக எஞ்சியது தனிச் செயல்திட்டம்.

முடிவுரை

மோஷியில் எழுந்த கேள்வி மாணவரின் தேவையைப் பற்றியது. 2016இல் கிடைத்த விடை பெருமளவு சான்றிதழைப் பற்றியது. ஆனாலும் தேர்வைக் கட்டாயமாக்காமல் தனிச் செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியதன் மூலம் இத்திட்டம் தன் பழைய நம்பிக்கையைக் காத்துக்கொண்டது. அதைக் காப்பது இனி ஆசிரியர்களின் தரத்தைப் பொறுத்தது. பாடநூல் விதிக்காத திட்டத்தில், பாடத்தை வடிவமைக்க ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் தராவிட்டால் சட்டகம் வெறும் சட்டகமாகவே நின்றுவிடும். தேர்வு மதிப்பெண்ணைச் சுற்றியே பள்ளியை அமைத்துக்கொண்ட எந்தச் சமூகமும் இத்திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே: வளரிளம் பருவத்துக்கான நல்ல கல்வித்திட்டத்தின் முதல் முதலீடு ஆசிரியரிடமே தொடங்க வேண்டும்.