வரத்துக் கால்வாயும் உலக ஒப்பந்தமும்

பெங்களூருக்கு வற்றாத ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. இங்கே பெய்யும் மழை ஹெப்பாளம், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி என்னும் மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கிவிடும். அப்படி இறங்கும் நீரைக் கரை போட்டு நிறுத்தியவர்கள்தான் இந்த ஊரை உண்டாக்கினார்கள். மேல் ஏரி நிறைந்து கலங்கலில் வழிந்தால் அந்த நீர் கால்வாயில் ஓடிக் கீழ் ஏரியை நிரப்பும். அந்தக் கால்வாயை இங்கே ராஜகாலுவே என்பார்கள். அகரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கங்கர் காலக் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு அமைத்த செய்தியைச் சொல்கிறது. தொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டில் விண்ணமங்கலம் ஏரியின் பெயர் வருகிறது. பெங்களூர்த் தமிழரான நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்த காலத்திலேயே ஏரியும் அதன் பாசனமும் ஊர்க்கணக்கில் ஏறியிருந்தன என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

மனிதர் கட்டிய ஏரியை இயற்கை மரபு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உலகம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் காஸ்பியன் கடலோர ஊரான ராம்சாரில் ஏற்கப்பட்ட ஈரநில உடன்படிக்கை, இயற்கை ஏரியையும் வெட்டிய ஏரியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. கர்நாடகத்தின் முதல் ராம்சார் தலமாக 2022இல் ரங்கனதிட்டு அறிவிக்கப்பட்டது. 2024இல் சேர்ந்த மூன்றில் அகநாசினி கழிமுகம் ஒன்று; மற்ற இரண்டும், அதாவது விஜயநகர மாவட்டத்து அங்கசமுத்திரமும் கதக் மாவட்டத்து மாகடி கெரெயும், கிராமத்து ஏரிகள். உழவுக்காக வெட்டிய மாகடி ஏரியில்தான் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

ஆனால் நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, குடிநீருக்கென்றும் பாசனத்துக்கென்றும் கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. பெங்களூர் ஏரிகளில் பெரும்பாலானவை இந்த விலக்கில் சிக்கிக்கொள்கின்றன. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை என்று கண்டறியப்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். தென்னிந்தியாவின் ஏரிப் பாசன வரலாறு தெரிந்த ஒருவர் அந்த விதியை எழுதியிருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

வெளிநாட்டு உதவி பெங்களூருக்கு வராமல் இல்லை. 1990களின் இறுதியில் இந்தோ–நார்வே சுற்றுச்சூழல் திட்டத்தின்கீழ் ஹெப்பாள ஏரி சீரமைக்கப்பட்டது. தூர் வாரினார்கள், கரையைச் செப்பனிட்டார்கள், பறவைகளும் வந்தன. 2002இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் பிறந்தது. பிறகு நடந்ததுதான் வருத்தம். அதே ஆணையம் சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகை விட முற்பட்டது; பொதுப் பணத்திலும் நார்வே மக்களின் உதவியிலும் மீண்ட ஹெப்பாளமும் 2006இல் ஒரு விடுதி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஏரிக்கரையில் மீன் பிடித்தவரும் மாடு குளிப்பாட்டியவரும் வெளியே நிற்க, படகுச் சவாரிக்கும் உணவகத்துக்கும் திட்டம் போட்டார்கள். 2008இல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. நீதிபதி என்.கே. பாட்டீல் குழு ஏரிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஏரிகளை எப்படிக் காப்பது என்பதற்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2012இல் வழிமுறை வகுத்தது. இந்த வழக்கு நடந்திராவிட்டால் இன்னும் எத்தனை ஏரிகளுக்குச் சுங்கச்சாவடி வந்திருக்குமோ!

ஏரியின் வயிற்றையும் கரையையும் செப்பனிடுவதோடு வேலை முடிந்துவிடாது. ஏரிக்கு வரும் கால்வாயில் என்ன ஓடுகிறது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். உலகில் அழிவின் விளிம்பிலிருந்து திரும்பிய சில ஏரிகளின் கதை இதைத்தான் சொல்கிறது.

பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் ஸ்ரெபர்னா என்றொரு ஏரி இருக்கிறது. 1983 முதல் உலக மரபுத் தலம். அருகிவரும் டால்மேஷியக் கூழைக்கடா கூடு கட்டும் இடம். 1940களின் இறுதியில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய கரை, ஆற்றையும் ஏரியையும் பிரித்துவிட்டது. பருவந்தோறும் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்து அலசிவிட்டுப் போவது நின்றது. வண்டல் சேர்ந்தது, நாணல் மண்டியது, ஏரி சுருங்கியது. 1992இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள மரபுத் தலங்களின் பட்டியலில் வைத்தது. நாணலை வெட்டி எறிவதோடு நில்லாமல், 1994இல் ஆற்றுக்கும் ஏரிக்கும் மறுபடி கால்வாய் போட்டார்கள். 2003இல் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டது. துனீசியாவின் இஷ்கெல் ஏரியின் கதை வேறு. அதற்கு நீர் கொண்டுவந்த ஆறுகளில் அணைகள் எழுந்ததால் ஏரியில் உப்பு ஏறியது, நீர்த்தாவரங்கள் அழிந்தன, அவற்றைத் தின்ன வந்த வாத்துகளும் குறைந்தன. ஆண்டுதோறும் ஏரிக்கென்று நீர் திறந்துவிட அரசு ஒப்புக்கொண்ட பிறகுதான் நிலை மாறியது. 1996இல் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரி 2006இல் வெளியே வந்தது.

நம் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் அதுவே பொருந்தும். சீர்கெட்டுவரும் ராம்சார் தலங்களுக்கான மோன்ட்ரோ பதிவேட்டில் அது 1993இல் ஏறியது. வண்டல் அடைத்த வாய்க்குப் பதிலாகக் கடலுக்கு 2000இல் புதுவாய் வெட்டினார்கள். உப்பும் மீனும் திரும்பின. 2002இல் பதிவேட்டிலிருந்து நீங்கியது, ராம்சார் விருதும் பெற்றது. மணிப்பூரின் லோக்தாக்கும் 1993இல்தான் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. அங்கே நீரின் ஏற்ற இறக்கத்தைத் தடுத்தது 1983இல் முடிந்த இதாய் தடுப்பணை. அந்தத் தடுப்பணையின் இயக்கத்தைத் தொடாமல் ஏரியில் மிதக்கும் பும்தி என்னும் தாவரத் திட்டுகளை மட்டும் அகற்றிக்கொண்டிருப்பதால் என்ன பயன்?

இனி பெல்லந்தூருக்கு வருவோம். சுமார் 900 ஏக்கர். நகரின் மிகப் பெரிய ஏரி. 2015 மே மாதத்திலும் 2017 பிப்ரவரியிலும் அது தீப்பற்றி எரிந்த படத்தை உலகமே பார்த்தது. 2018 ஜனவரியில் மறுபடி எரிந்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வந்தார்கள். சோப்புத்தூளின் ரசாயனமும் பாஸ்பரசும் கழிவுநீரோடு வந்து சேற்றில் படிகின்றன. மேலே ஆகாயத்தாமரை மூடிக்கொள்ள, அடியில் அழுகும் சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. மழை பெய்து சேறு கலங்கும்போது, அதற்குக் கீழே இருக்கும் வர்த்தூர் ஏரியின் கலங்கலில் விழும் நீர் காற்றோடு அடிபட்டு வெள்ளைக் கட்டிகளாக எழும். காற்றடித்தால் அந்தக் கட்டி சாலையில் போகும் ஸ்கூட்டர்காரரின் முகத்தில் அப்பும், கண் எரியும். அந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தட்சிண பினாகினியில் சேர்ந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தென்பெண்ணையாகி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும் நாளில் அங்கும் நுரை. பெங்களூரில் நாம் துணி துவைத்த நீரில்தான் நம் சொந்தக்காரர் அங்கே தக்காளி பயிரிடுகிறார்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு அடுத்து இருக்கும் அல்சூர் ஏரியிலும் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வள்ளுவர் சிலை நிற்கும் அந்தக் கரையில் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. பெங்களூரிலேயே ஜக்கூர் ஏரியில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், அதன் நீரை நேரே ஏரியில் விடாமல் ஒரு சம்புக் காட்டுக்குள் விடுகிறது. சம்பின் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் சத்தை எடுத்துக்கொள்கின்றன. மெல்ல ஊர்ந்து தெளிந்த நீர்தான் ஏரியில் சேர்கிறது. மழை இல்லாத மாதத்திலும் ஜக்கூர் ஏரி வற்றுவதில்லை; மீனவருக்குப் பிழைப்பு நடக்கிறது. நிலையத்துக்குள் வராமல் கால்வாயில் நேரே கலக்கும் சாக்கடையை அடைத்தால் இன்னும் தேறும்.

ராம்சார் உடன்படிக்கை இப்போது நகரங்களுக்கும் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் வழங்குகிறது. 2025 ஜனவரியில் இந்தோரும் உதய்ப்பூரும் இந்தியாவிலிருந்து முதலில் அதைப் பெற்றன. பெங்களூரும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதே உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, நாடுகளின் எல்லை தாண்டும் நீர்நிலைகளைப் பற்றி அந்நாடுகள் கலந்து பேச வேண்டும் என்கிறது. இரு நாடுகளுக்கு இருக்கும் அந்தக் கடமை இரு மாநிலங்களுக்கும் இருக்கட்டும். பெங்களூர் விண்ணப்பிக்கும் நாளில், ஹெப்பாளத்துப் பறவைப் பட்டியலோடு கெலவரப்பள்ளி அணையின் நீர்ப் பரிசோதனை முடிவும் அந்த விண்ணப்பத்தில் இணைக்கப்பட வேண்டும்.