முல்லைப் பெரியாறு ஒப்பந்தத்துல மீனுக்கு என்ன பங்கு?



கம்பம் பள்ளத்தாக்குன்னு சொன்னதும் வெளியூர் நண்பர்கள் ரெண்டு விஷயம் கேப்பாங்க. ஒண்ணு பன்னீர் திராட்சை, இன்னொண்ணு பென்னிகுயிக். அணை கட்டின கதை உங்களுக்கே தெரியும். எங்க ஊர்ப்பக்கம் ஜனவரி 15 அன்னைக்கு அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறதையும் டிவியில பாத்திருப்பீங்க. அந்தத் தண்ணியில விளைஞ்ச நெல்லைப் பத்தி நான் இங்கேயே நிறைய எழுதியாச்சு. இன்னைக்கு அந்தத் தண்ணிக்குள்ள குடியிருந்த ஜீவன்களோட வரலாறு. இதை யாரும் பெருசா பேசுறதில்ல.

முதல்ல ஒரு புவியியல் சேதி. கூடலூர்ல நின்னு மேற்க பாத்தா தெரியுற மலைமுகடுதான் எல்லை. அந்தப்பக்கம் விழுற மழை பெரியாறா ஓடி அரபிக்கடலுக்குப் போகும். இந்தப்பக்கம் விழுறது சுருளியாறு வழியா வைகையில சேர்ந்து, ராமநாதபுரம் பக்கம் கிழக்குக் கடலை நோக்கிப் போகும். மனுசன் கணவாய் வழியா மலையேறி இறங்கிருவான். மீனுக்கு அந்த வசதி கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷமா அந்தப்பக்கத்து மீன் அந்தப்பக்கம், இந்தப்பக்கத்து மீன் இந்தப்பக்கம்னு தனித்தனியா வாழ்ந்ததால, பெரியாத்தோட தலைப்பகுதியில உலகத்துல வேற எங்கயும் இல்லாத மீன் இனங்கள் உருவாகி இருந்துச்சு.

தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கி எடுத்த பிறகு, பெரியாத்தைக் கிழக்க திருப்புற திட்டத்துக்கு வேகம் வந்துச்சு. 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதே ஒப்பந்தத்துல, தேங்குற தண்ணியில மீன் பிடிக்கிற உரிமையும் குத்தகைக்காரருக்குத்தான்னு எழுதியிருக்காங்க. அந்தப் பத்திரத்துல மீன் வர்றது அந்த ஒரு இடத்துலதான், அதுவும் பிடிக்கிற பொருளா. அது எங்க வாழும், எப்படி வாழும்னு யோசிக்கிற காலம் இல்ல அது.

1895 அக்டோபர் 10-ல சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வச்சார். 176 அடி உயரச் சுவருக்குப் பின்னாடி ஓடைகளும் காடும் முங்கிப்போய் ஏரி உண்டாச்சு. தேக்கடியில படகுல போனவங்க, தண்ணிக்கு நடுவுல பட்டுப்போன மரங்கள் மொட்டையா நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. அதெல்லாம் அப்ப முங்கின காடு. ஏரித்தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா ஒரு மைலுக்கு மேல ஓடி எங்க பக்கம் வந்து விழுந்துச்சு. அதுவரைக்கும் மழையை மட்டும் நம்பி ஓடின எங்க ஆறு, வருஷத்துல பெரும்பகுதி ஓடுற ஆறா மாறிச்சு. இருபோகம் விளையுற 14,707 ஏக்கர் நெல் வயலும் அந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்கு. நான் சாப்பிடுற சோறும் அதுதாங்க. அதனால அணையைக் குத்தம் சொல்ல நான் இதை எழுதலை.

ஆனா ஓடுற தண்ணிக்குன்னு பிறந்த மீன், நிக்கிற தண்ணியில பிழைக்கிறது கஷ்டம். பாறையிடுக்குல வேகமா ஓடுற, குளுந்த, தெளிஞ்ச தண்ணி வேணும் அதுக்கு. அப்படிப்பட்ட மீனெல்லாம் ஏரிக்கு மேல இருக்கிற ஓடைகளுக்கு ஒதுங்கிப் போச்சு. சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநரா இருந்த டாக்டர் சுந்தரராஜ், 1941-ல பெரியாறு ஏரிப் பகுதியில இருந்து ஒரு மீனை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். பேரு லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். இமயமலைக் குளிர் ஆறுகள்ல இருக்கிற மீனோட ஜாடை அதுக்கு. தெற்க இந்த மூலையில அது எப்படின்னு எல்லாருக்கும் ஆச்சரியம். அந்தப் பேரினத்துல அது ஒரே ஒரு இனம்தான், பெரியாத்தோட மேல்பகுதியை விட்டா வேற எங்கயும் கிடையாது. இன்னைக்கு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தோட அழியும் ஆபத்துப் பட்டியல்ல அது இருக்கு.

அந்த மீனுக்கு என்ன ஆபத்துன்னு கேட்டா, பாதி பதில் நம்ம தட்டுலயே இருக்கு. ஜிலேபி கெண்டைன்னு சந்தையில வாங்குறோமே, அது ஆப்பிரிக்காக்காரன். 1952-ல இலங்கையில இருந்து மண்டபத்துக்குக் கொண்டாந்தாங்க. ஏழைக்கு மலிவா மீன் கிடைக்கட்டும்ங்கிற நல்ல எண்ணம்தான். ஆனா ஜிலேபியோட சாமர்த்தியமே வேற. முட்டையைத் தாய்மீன் வாயிலயே வச்சுக் காப்பாத்தும், வருஷத்துல பல தடவை குஞ்சு பொரிக்கும், அழுக்குத் தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கும். கண்மாய், அணைன்னு பரவி, கடைசியில பெரியாறு ஏரிக்கும் போய்ச் சேர்ந்துச்சு. வெளிநாட்டுச் சாதா கெண்டையும் அங்க வந்துச்சு. பின்னாடி ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நுழைஞ்சிருச்சு. இந்தக் கெளுத்தி கண்டதையும் தின்னும், சின்ன மீனையும் விடாது. வளர்க்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டும் ஒழிஞ்சபாடில்ல.

ஏரியில மீன்பிடி உரிமை 1970 வரைக்கும் தமிழ்நாட்டுக்கு இருந்துச்சு. அந்த வருஷம் மே 29-ல ஒப்பந்தத்தைத் திருத்தினப்ப, குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயா உயர்த்தினாங்க. நமக்கு மின்சாரம் எடுக்கிற உரிமை உறுதியாச்சு, மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போச்சு. எங்க பக்கம் டீக்கடையில இன்னமும் அதை ஒரு இழப்பாச் சொல்ற பெரியவங்க உண்டு. யார் பிடிக்கிறதுங்கிறதுலதான் அன்னைக்கும் பேச்சு நின்னுச்சு, மீன் மிஞ்சுமாங்கிற கேள்வி அப்பவும் வரல.

இனி நம்ம பக்கம் வாங்க. சுருளியாறும் முல்லையாறும் கொட்டகுடி ஆறும் சேர்ந்த தண்ணி தேனிக்குக் கிழக்க வைகையில கலந்து அணைக்குப் போகுது. காமராஜர் காலத்துல, 1959 ஜனவரியில வைகை அணை திறந்தாச்சு. பாசனத்துக்கு அது பெரிய வரம். அதே நேரம், கீழ இருந்து மேல ஏறிவர்ற மீனுக்கு அது ஏற முடியாத சுவர். விலாங்கு மாதிரி மீன் கடல்ல பிறந்து, ஆத்துல ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். வைகைத் தண்ணியில பெரும்பங்கு ராமநாதபுரம் பெரிய கண்மாயோட முடிஞ்சு, கடலைத் தொடுறதே அபூர்வமாயிட்ட பிறகு அந்தப் பயணத்துக்கு ஏது வழி? ஆத்துத்தண்ணி கடலுக்குப் போனா வீண்னு நாம சொல்லிப் பழகிட்டோம். கழிமுகத்து மீனையும் இறாலையும் கேட்டா வேற மாதிரி சொல்லும்.

மதுரை ஓட்டல்ல அயிரை மீன் குழம்பு தேடிப் போறவங்களுக்கு ஒரு விவரம். அயிரை மணலுக்குள்ள புதைஞ்சு வாழுற சின்ன மீன். அதுக்கு மணலும் சுத்தமான தண்ணியும் வேணும். வைகையில மணலை லாரி லாரியா அள்ளினப்ப ஆத்தோட போனது கட்டடச் சாமான் மட்டும்னு நினைக்காதீங்க, அயிரையோட வீடும் சேர்ந்துதான் போச்சு. இன்னைக்கு கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விக்கிறதுக்கு ருசி மட்டும் காரணம் இல்ல.

மிச்ச சேதியையும் சொல்லிடுறேன். லோயர் கேம்ப்ல பளிங்கு மாதிரி விழுற தண்ணி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு ஒவ்வொரு ஊரா தாண்டுறப்ப ஊர்ச் சாக்கடையையும் வாங்கிக்குது. எங்க வயல்ல அடிக்கிற மருந்தும் உரமும் வடிஞ்சு அதே ஆத்துலதான் சேருது, விவசாயிகள் நாங்களும் இதுல கூட்டாளிதான். கோடையில அணை மட்டம் இறங்கினா குடிநீருக்குன்னு 100 கன அடி மட்டும் விடுவாங்க. இப்ப மதுரைக்கு லோயர் கேம்ப்ல இருந்தே குழாய் போட்டு, நாளைக்கு 12.5 கோடி லிட்டர் எடுக்கிற திட்டமும் வந்தாச்சு. மதுரைக்காரங்க குடிக்கணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா ஆத்துல ஓடிப்போய் வைகை அணையில எடுக்கிற தண்ணி, போற வழியெல்லாம் மீனையும் நாணலையும் கொக்கையும் கிணத்து ஊத்தையும் வாழவச்சுட்டுப் போகும். குழாய்க்குள்ள போற தண்ணியால அது முடியாது.

அணைக்கு அந்தப்பக்கமும் இதே கதைதான். வண்டிப்பெரியாறு வழியா போற ஆத்துக்கு, அணை நிறைஞ்சு வழிஞ்சாத்தான் அணைத்தண்ணி. எங்க ஊர்ல இதைப் பேசினா கோவம் வரும். ஆனா மீன் கேரளாவா தமிழ்நாடான்னு பாத்துச் சாகுறதில்லையே.

136 அடியா, 142 அடியான்னு முப்பது வருஷத்துக்கு மேல வழக்கும் போராட்டமும் நடந்து, 2014 மே மாசம் உச்ச நீதிமன்றம் 142-ன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அந்த உரிமைக்காக ரோட்டுல உக்காந்தவங்கள்ல நானும் ஒருத்தன், தேவைப்பட்டா இன்னமும் உக்காருவேன். நான் கேக்குறது ஒண்ணுதான். நெல்லுக்கு இவ்வளவு, குடிக்க இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிக்கிற அந்தக் கணக்குல, ஆறு ஆறா இருக்கிறதுக்கு இவ்வளவுன்னு ஒரு வரி சேரணும். எந்தக் கோடையிலயும் ஆத்துப் படுகை காயாம ஒரு ஓட்டம் இருக்கணும். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணித்தான் ஆத்துல விடணும்.

2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சதுல, வைகை பிறக்கிற மலைக்கும் பாதுகாப்புக் கிடைச்சிருக்கு. புலிக்காகக் காத்த காடு ஓடையையும் காக்கும். அந்த அக்கறை மலையடிவாரத்தோட நின்னுடாம ஆத்தோட சேர்ந்து கீழயும் இறங்கி வரணும்.

நீங்களும் சுருளி அருவிக்கோ வீரபாண்டிக்கோ குளிக்க வருவீங்க. வாங்க, தாராளமா குளிங்க. பழைய துணியையும் ஷாம்பு பாக்கெட்டையும் மட்டும் தண்ணியில விட்டுட்டுப் போகாதீங்க. வீட்டுத் தொட்டியில வளத்த மீனை, புண்ணியம்னு நினைச்சு ஆத்துல விடாதீங்க. அங்க ஏற்கனவே குடியிருக்கிறவங்க இருக்காங்க.